ஸ்பெயினில் படிப்பு: முதல் மூன்று மாதம்தான் சோதனை

மேல்படிப்புக்கு வெளிநாடு என்றால் நம்மவர்களுக்கு முதலில் நினைவு வருவது இங்கிலாந்தும் அமெரிக்காவும்தான். ஆங்கிலம் தெரிந்தால் அங்கே எப்படியும் சமாளித்துக் கொள்ளலாம் என்ற தைரியமே அதற்குக் காரணம். இப்போது ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின் என்றும் பிள்ளைகள் புறப்படுகிறார்கள். அங்கே சில வகுப்புகளில் ஆங்கிலம் இருக்கலாம். வகுப்பை விட்டு வெளியே வந்தால் இல்லை. ஸ்பெயினில் தலைநகரை விட்டுச் சற்று உள்ளே போய்விட்டால், காய்கறிக் கடையிலும், வீட்டுக்காரரிடமும், போலீஸ் ஆபீஸ் கவுண்ட்டரிலும் ஸ்பானிஷ் ஒன்றுதான் செல்லும்.

ஊர் மாறிப் பிழைப்பவர்களுக்கு இது தெரியாத சங்கதி அல்ல. பெங்களூர் தொழிற்சாலைக்கும், மும்பை ஆபீசுக்கும், டில்லி சர்க்கார் உத்தியோகத்துக்கும் வந்தவர்கள், பஸ் போர்டு படிக்கத் தெரியாமல் திண்டாடிப் பிறகு ஊர் மொழியைக் கற்ற கதை வீட்டுக்கு வீடு உண்டு. பிள்ளைகளுக்கு அதே பாடம் கடல் கடந்து நடக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம். பெற்றோர் சம்பளம் வாங்கிக்கொண்டு கற்றார்கள். பிள்ளைகளோ, பாங்கில் கடன் வாங்கிய பணத்தைச் செலவழித்துக்கொண்டு கற்க வேண்டியிருக்கிறது. அங்கே வீணாகும் ஒவ்வொரு மாதமும் இங்கே குடும்பத்தின் தலையில் விழுகிறது.

அப்படிப் போய்ச் சேரும் மாணவர் என்னென்ன பார்க்க நேரிடும்? சலமான்கா நகரை வைத்துப் பார்ப்போம்.

எண்ணூறு ஆண்டுப் பல்கலைக்கழகம்

தலைநகர் மாட்ரிடுக்கு மேற்கே சுமார் 200 கிலோமீட்டரில், தோர்மெஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது சலமான்கா. பஸ்ஸில் போனால் இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர் உயரம். பெங்களூரும் ஏறக்குறைய இதே உயரம்தான். ஆனால் பெங்களூர்க் குளிரை நினைத்துக்கொண்டு ஒரு ஸ்வெட்டரோடு போனால் போதாது. ஜனவரி இரவுகளில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும்.

இவ்வூர்ப் பல்கலைக்கழகத்தை 1218-இல் லியோன் நாட்டு மன்னர் ஒன்பதாம் அல்ஃபோன்சோ நிறுவினார். 2018-இல் எண்ணூறாம் ஆண்டு விழா நடந்தது. ஸ்பானிஷ் மொழியின் முதல் இலக்கண நூல் 1492-இல் அச்சானதும் இந்த ஊரில்தான். எழுதிய நெப்ரிஹா இங்கே ஆசிரியராக இருந்தவர். அருகில் உள்ள வில்லமயோர் என்ற ஊரின் கல்லால் கட்டியதால், மாலை வெயிலில் கட்டடங்கள் எல்லாம் பொன்னிறமாகத் தெரியும். 1988-இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது.

பல்கலைக்கழக முகப்பின் சிற்ப வேலைப்பாட்டுக்குள் மண்டையோட்டின் மேல் ஒரு சிறு தவளை உட்கார்ந்திருக்கிறது. யாரும் காட்டாமல் தானே அதைக் கண்டுபிடிக்கும் மாணவர் பரீட்சையில் தேறுவார் என்பது ஊர் நம்பிக்கை. புதிதாக வந்தவர்கள் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பதை அங்கே தினமும் காணலாம்.

வந்த ஒரு மாதத்துக்குள்

தவளையைப் பிறகு தேடலாம். முதலில் தேட வேண்டியது காகிதங்கள்.

விசா வாங்கும்போதே செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். மாதத்துக்கு 600 யூரோ என்பது 2023 முதல் உள்ள கணக்கு. யூரோவுக்கு நூறு ரூபாய் என்று வைத்தால் மாதம் 60,000 ரூபாய். பத்து மாதப் படிப்புக்கு ஆறு லட்சம். கல்விக் கட்டணம் இதில் சேராது. மருத்துவ இன்ஷூரன்சும் எடுத்திருக்க வேண்டும்.

ஆறு மாதத்துக்கு மேல் தங்குகிறவர்கள், வந்த ஒரு மாதத்துக்குள் வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். டி.ஐ.இ. என்று அதைச் சொல்கிறார்கள். கொடுப்பது தேசியப் போலீஸ். படிவம் நிரப்பி, பாங்கில் கட்டணம் கட்டி, போட்டோவுடன் போய் விரல் ரேகை வைக்க வேண்டும். நேராகப் போய் வரிசையில் நிற்க முடியாது. முன்கூட்டியே நாளும் நேரமும் வாங்கியிருக்க வேண்டும்.

அதற்கு முன் நகராட்சியில், இன்ன விலாசத்தில் குடியிருக்கிறேன் என்று பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவுக்கு வாடகை ஒப்பந்தம் வேண்டும். வாடகைக்கு விடுபவரோ, பாங்குக் கணக்கு உண்டா என்பார். பாங்கில் போனால், அடையாள அட்டை எங்கே என்பார்கள். ரேஷன் கார்டுக்கு விலாசச் சான்று, விலாசச் சான்றுக்கு ரேஷன் கார்டு என்று அலைந்தவர்களுக்கு இந்த வட்டம் நன்றாகப் புரியும். எங்காவது ஓரிடத்தில் அதை உடைக்க வேண்டும். பெரும்பாலும் உடைவது வீட்டு ஒப்பந்தத்தில்தான். அதனால் அறை தேடுவதே முதல் வேலை.

மேசை நம் மேசைதான்

ஹாஸ்டல்கள் உண்டு என்றாலும், மூன்று நான்கு மாணவர்கள் சேர்ந்து ஒரு வீட்டை எடுத்து ஆளுக்கோர் அறையில் இருப்பதே அங்கே வழக்கம். பல்கலைக்கழகக் கட்டடங்களின் அறிவிப்புப் பலகைகளில் ‘அறை வாடகைக்கு’ என்று எழுதி, காகிதத்தின் அடியில் டெலிபோன் நம்பரைத் துண்டு துண்டாகக் கத்தரித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். வேண்டியவர் ஒரு துண்டைக் கிழித்துக்கொண்டு போகலாம்.

முன்பணம் பொதுவாக ஒரு மாத வாடகை. பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய பெங்களூர்வாசிகளுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். ஆனால் மூன்று கேள்விகளைக் கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. இந்த விலாசத்தில் நகராட்சிப் பதிவு செய்துகொள்ள வீட்டுக்காரர் சம்மதிக்கிறாரா? குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் செலவு வாடகையில் அடக்கமா, தனியா? மின்சாரம், தண்ணீர், காஸ் பில்லை எப்படிப் பங்கு போடுவது? அறையை நேரில் பார்க்குமுன் இங்கிருந்தே பணம் அனுப்புவது ஆபத்து. படத்தைக் காட்டிப் பணம் பறிப்பவர்கள் எந்த நாட்டிலும் உண்டு.

வீட்டுக்கார அம்மாள் அறையைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டும்போது தமிழ் மாணவருக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. மேசையைக் காட்டி ‘மேசா’ என்பார். அலமாரியைக் காட்டி ‘அர்மாரியோ’ என்பார். சப்பாத்தை வாசலில் விடச் சொன்னால் ‘தப்பாத்தோ’ என்பார். நானூறு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் நம் கடற்கரைக்கு வந்த போர்த்துக்கீசியர் விட்டுப் போன சொற்கள் இவை. போர்த்துக்கீசும் ஸ்பானிஷும் உடன்பிறந்த மொழிகள். அதனால் அறைக்குள் நுழையும்போதே மூன்று ஸ்பானிஷ் சொற்கள் கையில் இருக்கின்றன.

பெயர் படுத்தும் பாடு

ஸ்பெயினில் ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப் பெயர்கள். ஒன்று தந்தை வழி, மற்றொன்று தாய் வழி. கல்யாணம் ஆனாலும் பெண்கள் தங்கள் குடும்பப் பெயரை மாற்றிக்கொள்வதில்லை. எந்தப் படிவத்தை எடுத்தாலும் பெயர், முதல் குடும்பப் பெயர், இரண்டாம் குடும்பப் பெயர் என்று மூன்று கட்டங்கள் இருக்கும்.

ராமசாமி மகன் குமார் என்ன செய்வார்? அவருக்கு இருப்பது ஒரு பெயரும் ஓர் இனிஷியலும்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகப் பதிவாகியிருந்தால், ஆஸ்பத்திரியில் ‘திரு. ராமசாமி’ என்று கூப்பிடுவார்கள். அப்பாவைத் தேடுகிறார்கள் என்று இவர் பேசாமல் உட்கார்ந்திருப்பார். முறை போய்விடும். மும்பை ஆபீஸ்களில் ‘சர்நேம் என்ன?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லி அலுத்தவர்களின் பிள்ளைகளுக்கு, அதே கேள்வி அங்கே இரட்டிப்பாக வருகிறது.

இதற்கு ஒரே வழி, பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதுவது. விசாவில் ஒன்று, பல்கலைக்கழகத்தில் ஒன்று, பாங்கில் ஒன்று என்று எழுத்து மாறினால் பட்டம் வாங்கும் நாளில்கூட அது தொல்லை தரும். பாஸ்போர்ட்டில் திருத்தம் செய்ய வேண்டுமானால் புறப்படுமுன் இங்கேயே செய்துவிட வேண்டும்.

இரண்டு மணிக்குச் சாத்தும் கடை

அடுத்த சோதனை கடிகாரம். அங்கே பகல் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல். இரவுச் சாப்பாடு ஒன்பது, பத்து மணிக்கு. சிறு கடைகள் பகல் இரண்டு மணிக்குச் சாத்தி ஐந்து மணிக்குத் திறக்கும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் கிடையா. பாங்கு, சர்க்கார் கவுண்ட்டர்கள் எல்லாம் பகல் இரண்டு மணியோடு சரி. காலையில் தூங்கிவிட்டு மத்தியானம் கிளம்புகிற மாணவருக்கு எந்தக் காரியமும் நடக்காது.

இது வெறும் சோம்பல் அல்ல. ஸ்பெயின் இருப்பது இங்கிலாந்துக்கு நேர் தெற்கே. ஆனால் 1940-இல் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி ஜெர்மனியின் நேரத்தோடு சேர்த்துக்கொண்டார்கள். பிறகு மாற்றவே இல்லை. கோடையில் இன்னும் ஒரு மணி நேரம் கூட்டுகிறார்கள். அதனால் சலமான்காவில் கோடைக் காலத்தில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரத்தில் மணி இரண்டு இருபதுக்கு மேல் ஆகியிருக்கும். சூரியனைப் பார்த்துச் சாப்பிட்டால் இரண்டு மணி என்பது உச்சிப் பொழுதுதான். ஜூன் மாதத்தில் சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகும்.

இதைப் புரிந்துகொண்டு நாளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். காலை ஆபீஸ் வேலை, வகுப்பு. பகல் மூடியிருக்கும் நேரத்தில் சமையல், படிப்பு. மாலை ஆறுக்கு மேல் கடை, நண்பர்கள். மருந்து அவசரமாக வேண்டுமானால், முறை போட்டு ஒரு மருந்துக் கடையாவது திறந்திருக்கும். பச்சைச் சிலுவை விளக்குதான் அடையாளம். ஆபத்து என்றால் 112.

பருப்பு உண்டு, பன்றிக்கறியும் உண்டு

சாப்பாட்டு விஷயத்தில் சலமான்கா மாவட்டம் நம்மவர்களுக்குப் பாதி நண்பன், பாதி எதிரி. ஊருக்கு வடக்கே ஆர்முஞா என்ற பகுதியில் விளையும் பருப்பு நாடெங்கும் பெயர் பெற்றது. நம் மைசூர்ப் பருப்பைத் தோலோடு பார்த்தால் எப்படியோ, அந்த இனம். கொண்டைக்கடலையும் அங்கே நன்றாக விளைகிறது. அரிசி கடையில் தாராளமாகக் கிடைக்கும். தயிர் கிடைக்கும், சர்க்கரை சேர்க்காதது என்று பார்த்து எடுக்க வேண்டும். ஒரு குக்கர் இருந்தால் பருப்பும் தயிர்சாதமும் கவலை இல்லை.

தொல்லை ஹோட்டலில்தான். அதே மாவட்டத்துக் கிஹுவேலோ என்ற ஊர் பன்றித்தொடை இறைச்சிக்குப் பேர்போனது. பருப்புக் குழம்பு என்று வாங்கினால் உள்ளே பன்றிக்கறித் துண்டு கிடக்கும். ‘கறி வேண்டாம்’ என்றால் மீன் போட்டுத் தருவார்கள். கறி என்று அவர்கள் சொல்வதில் மீனும், சில சமயம் பன்றித்தொடைத் துணுக்கும் சேராது. உருளைக்கிழங்கு அடை போல ஒன்று எல்லா ஹோட்டலிலும் உண்டு. அது முட்டையில் செய்தது. சைவர்கள் ‘கறி, மீன், பன்றித்தொடை மூன்றும் சாப்பிடுவதில்லை’ என்று முழு வாக்கியமாகச் சொல்லப் பழக வேண்டும். மிளகாய்த்தூள் என்று நினைத்து அங்குள்ள சிவப்புப் பொடியை வாங்கினால், பல சமயம் அது புகையில் உலர்த்திய மிளகாயின் பொடியாக இருக்கும். சாம்பாரில் புகை வாசனை வரும். நம் மசாலா சாமான்கள் வேண்டுமானால் மாட்ரிடில் லவாபியெஸ் வட்டாரக் கடைகளில் கிடைக்கும்.

மொழிதான் சாவி

மேலே சொன்ன ஒவ்வொன்றிலும் மொழி குறுக்கே நிற்கிறது. ஒப்பந்தம் படிக்க, வீட்டுக்காரரிடம் கேட்க, போலீஸில் பதில் சொல்ல, பருப்பில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எல்லாவற்றுக்கும் ஸ்பானிஷ் வேண்டும். சட்டப்படி மாணவர்கள் வாரம் 30 மணிக்கு மிகாமல் வேலை செய்யலாம். ஆனால் மொழி தெரியாதவருக்கு யார் வேலை கொடுப்பார்கள்? பகுதி நேர வேலையை நம்பிக் கடன் வாங்கிய குடும்பங்கள் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

மொழி கடினமா? தமிழ் தெரிந்தவர்களுக்குச் சில இடங்களில் ஆங்கிலத்தை விட எளிது என்றே சொல்லலாம். எழுதியபடி படிக்கும் மொழி அது. தங்கள் நாட்டை அவர்கள் ‘எஸ்பாஞா’ என்கிறார்கள். ஆங்கிலேயர் திணறும் அந்த ‘ஞ’ நமக்கு அரிச்சுவடியிலேயே இருக்கிறது. ரகர றகர வேறுபாடும் உண்டு. ‘பெரோ’ என்று இடையின ரகரத்தில் சொன்னால் ‘ஆனால்’ என்று பொருள். ‘பெறோ’ என்று அழுத்திச் சொன்னால் நாய். ‘ஆப்லோ’ என்றால் ‘பேசுகிறேன்’. ‘நான்’ என்று தனியாகச் சொல்ல வேண்டாம். நம் மொழியைப் போல வினையின் முடிவே யார் என்று காட்டிவிடும். ‘நீ’, ‘நீங்கள்’ என்ற மரியாதை வேறுபாடும் உண்டு. கடையை விட்டு வரும்போது, ‘பிறகு பார்ப்போம்’ என்று பொருள்படும் ‘ஆஸ்தா லுவேகோ’ என்பார்கள். முன்பின் தெரியாதவரிடமும் சொல்வார்கள். ‘போகிறேன்’ என்று சொல்லாமல் ‘போய் வருகிறேன்’ என்கிற நம் பழக்கத்துக்கு இது நெருக்கம்.

தொல்லை இல்லாமலும் இல்லை. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்று உயிரற்ற பொருளுக்கெல்லாம் பால் உண்டு. இந்தி கற்றவர்களுக்கு இந்தத் தலைவலி பழக்கம். இன்னொன்று, வேகம். புத்தகத்தில் படித்துவிட்டுப் போனாலும் முதல் இரண்டு வாரம் ஒன்றும் காதில் ஏறாது. அதைக் கண்டு அஞ்சக் கூடாது.

கற்க நல்ல வழி ஒன்று அங்கே வழக்கத்தில் உண்டு. ஆங்கிலம் பழக விரும்பும் உள்ளூர் மாணவரும், ஸ்பானிஷ் பழக விரும்பும் வெளியூர் மாணவரும் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்து, அரை மணி ஒரு மொழி, அரை மணி மறு மொழி என்று பேசுவார்கள். காசு கிடையாது. நம் பிள்ளைகளின் ஆங்கிலம் அங்கே இப்படித்தான் பயன்படுகிறது.

வகுப்பில் ‘சார்’ இல்லை

ஆசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும், ‘நீ’ என்றே பேசுவதும் பல வகுப்புகளில் சாதாரணம். நம் பிள்ளைகளுக்கு நாக்கு எழாது. ‘நீங்கள்’ என்று மரியாதையாகப் பேசினால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். ஆனால் மரியாதை என்று சந்தேகத்தைக் கேட்காமல் இருப்பது தவறு. மதிப்பெண் பத்துக்குக் கணக்கு. ஐந்து வாங்கினால் தேர்ச்சி. ஒன்பதுக்கு மேல் மிகச் சிறப்பு. ஆண்டு இறுதியில் மட்டும் விழுந்து விழுந்து படித்தால் போதாது. பல பாடங்களில் இடையிடையே கொடுக்கும் வேலைகளுக்கும் மார்க் உண்டு.

நவம்பர் மாதத் தனிமை

அக்டோபர் வரை புதுமையில் ஓடிவிடும். நவம்பரில் பொழுது குறுகும், குளிர் ஏறும். அப்போதுதான் வீட்டு நினைவு வாட்டும். குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். இங்கே அம்மா இரவு ஒன்பது மணிக்குப் போன் செய்தால் அங்கே மாலை நாலரை. ஊரார் வெளியே உலாவப் புறப்படும் நேரம். தினமும் அந்த நேரத்தில் அறைக்குள் உட்கார்ந்து வீட்டோடு பேசிக்கொண்டே இருந்தால், பிள்ளை உடலால் மட்டும் அங்கே இருக்கும். நம் நாட்டு மாணவர்கள் மட்டும் ஒரே வீட்டில் சேர்ந்து இருப்பதும் முதலில் ஆறுதலாகத்தான் இருக்கும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் மொழி வந்திருக்காது.

ஊர் நடுவில் 1729-இல் தொடங்கி 1755-இல் முடிந்த பெரிய சதுக்கம் இருக்கிறது. பிளாசா மயோர் என்பார்கள். ‘எங்கே சந்திப்பது?’ என்றால் ‘கடிகாரத்துக்குக் கீழே’ என்பதுதான் பதில். மாலையில் கிழவர், குழந்தை, மாணவர் எல்லாரும் அங்கே கூடுவார்கள். ஈஸ்டருக்குப் பிறகு வரும் இரண்டாம் திங்கட்கிழமை ஊரே ஆற்றங்கரைக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போய்ப் புல்லில் உட்காரும். காணும் பொங்கல் கண்ணில் தெரியும். அந்தக் கூட்டத்தில் நாலு பேர் கூப்பிட்டு உட்கார வைக்கும் அளவுக்குப் பழகியிருந்தால், அந்தப் பிள்ளையைப் பற்றிப் பெற்றோர் கவலைப்பட வேண்டியதில்லை.

பெற்றோர் கவனத்துக்கு

கடன் மனு எழுதுமுன் சிலவற்றை யோசிக்க வேண்டும். சேரப் போகும் பாடம் எந்த மொழியில் நடக்கிறது என்று முதலில் விசாரிக்க வேண்டும். ஸ்பானிஷில் நடக்கும் பாடங்களுக்குப் பெரும்பாலும் பி1 அல்லது பி2 என்ற தகுதி கேட்பார்கள். அது ஒரு மாதத்தில் வருவதல்ல. ஸ்பெயின் சர்க்காரின் செர்வாந்தெஸ் நிலையம் 2009 முதல் புது டில்லியில் இருக்கிறது. அங்கே மொழி கற்கலாம், பரீட்சையும் எழுதலாம். பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும், கடைத்தெரு ஸ்பானிஷில்தான் நடக்கும் என்பதை மறக்கக் கூடாது. பகுதி நேர வேலையை முதல் ஆண்டு வரவுக் கணக்கில் சேர்க்கவே கூடாது. கிடைத்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளலாம்.

கன்னடமோ மராத்தியோ தெரியாமல் வந்து, தப்பும் தவறுமாகப் பேசி, பிறர் சிரிக்கச் சிரிக்கக் கற்று, இன்று அந்த மொழியிலேயே பேரம் பேசுகிறவர்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். ஸ்பெயினுக்குப் போகும் பிள்ளைக்கு அவர்களை விட நல்ல ஆசிரியர் கிடையாது. சிரிப்பார்களே என்று வாயை மூடிக்கொள்ளாதே என்று அவர்கள் சொல்லி அனுப்பட்டும். விமான டிக்கெட் வாங்குவதற்கு ஆறு மாதம் முன்பே ஸ்பானிஷ் பாடப் புத்தகம் வாங்கிக் கொடுக்கட்டும்.